பதினேழாம் எண் தட்டு

கை கழுவுவது எப்படி என்று நூற்றுக்கணக்கான பேருக்குப் பாடம் எடுத்தவள் நான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல்முட்டி, கட்டைவிரல், நகக்கண் என்று ஆறு படிகளையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். அப்போது என் முகத்தில் ஒரு மிதப்பு இருந்திருக்கும். அதை இன்று நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. இதில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. படிக்கிறவர்கள் பிறகு ஏமாந்துபோக வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரிப் பக்கம் போகிற சாலையில், பெரிய கம்பெனிகளின் மதில்களுக்கு நடுவே எங்கள் ஷெட் இருந்தது. வேறொரு கம்பெனியின் பெயர் ஒட்டிய பாட்டில்களில் கைக்கான ஜெல்லை நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. நான் கோவில்பட்டிக்காரி. நுண்ணுயிரியல் படித்துவிட்டு அங்கே லேபில் சேர்ந்தேன். லேப் என்றால் ஓர் அறை, ஒரு ஃபிரிட்ஜ், கிருமி வளர்க்கிற சூட்டுப்பெட்டி ஒன்று, அப்புறம் நான். தனியாள் என்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதுவே எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது.

சேர்ந்த புதிதில் ஜெல்லை ஆஸ்பத்திரிகள் மட்டும்தான் வாங்கின. மாதத்தில் பாதி நாள் ஷெட்டில் ஃபினாயில்தான் ஓடும். 2009இல் பன்றிக்காய்ச்சல் பயம் வந்தது. மூக்கை மூடிக்கொண்டு பஸ் ஏறுகிற ஜனம் ஜெல்லுக்கு அலைந்தது. லாரிகள் வாசலிலேயே காத்து நின்றன. ஒரு ஷிஃப்ட் இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. பெரிய மிக்ஸரில் தண்ணீரை ஊற்றி அதன்மேல் வெள்ளைப் பவுடரைத் தூவுவார்கள். அவசரப்பட்டால் கட்டி கட்டியாகிவிடும். ஆல்கஹால் சேர்ந்து, கடைசியில் இன்னொரு திரவத்தைக் கொஞ்சமாக விட்டதும் அந்த நீர் சட்டென்று இறுகிக் கண்ணாடி மாதிரி ஜெல்லாகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஸ்பிரிட் வாசனையில் மட்டும் தலை கிறுகிறுக்கும்.

பெயர் ஒட்டுகிற கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நிரப்புகிற அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் கையில் ஜெல் தேய்த்துக் காய்ந்தபின் ஐந்து விரல்களையும் ஒரு தட்டில் பதிக்க வேண்டும். உள்ளங்கையளவு வட்டத் தட்டு. உள்ளே கடற்பாசியில் காய்ச்சிய பசை இருக்கும். இரண்டு நாள் சூட்டில் வைத்தால் விரலில் கிருமி இருந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக முளைக்கும். தட்டின் அடியில் அவரவர் டோக்கன் நம்பரை மார்க்கரில் எழுதுவேன். எங்கள் ஷெட்டில் பெயரைவிட நம்பர்தான் புழக்கம். ‘ஒன்பதுக்கு இன்னிக்கு லீவு’, ‘இருபத்திரண்டைக் கூப்பிடு’ என்றுதான் பேச்சு.

வளர்ந்த தட்டுகளுக்கு டேப் ஒட்டி உடை மாற்றும் அறையில் ஒரு மேஜைமேல் வைத்துவிடுவேன். அது என் யோசனை. தன் கிருமியைத் தானே பார்த்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். பரீட்சை ரிசல்ட் மாதிரி பெண்கள் மொய்ப்பார்கள். ‘எனக்கு நாலு புள்ளி, உனக்கு?’ என்று சிரிப்பார்கள். நிறையப் புள்ளி வந்தவளை அன்றைக்கு முழுக்க ஓட்டுவார்கள். யாருடைய தட்டிலாவது ஒன்றுமே முளைக்காவிட்டால் அது காலித் தட்டு.

பதினேழக்காவுக்கு எப்போதும் காலித் தட்டுதான்.

மணிமங்கலத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். லைனில் மூடி போடுகிற வேலை. நான் சொல்லிக்கொடுத்த ஆறு படிகளை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே செய்கிற ஒரே ஆள் அவர்தான். அதற்குக் காரணம் இருந்தது. அவர் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்டிவிட இவரைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைப்பிள்ளையைக் கணுக்காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கு நீவி, வெந்நீர் ஊற்றித் துவட்டிக் கொடுத்தால் பிள்ளை அடித்துப்போட்ட மாதிரி தூங்குமாம். கைராசிக்காரி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு மூன்று வீடு. காலித் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, “பாத்துக்கோங்கடி, பச்சப்புள்ளைய தொட்ற கை” என்பார். பெருமையாகத்தான் சொல்வார். சொல்லத் தகுந்த பெருமைதான்.

என் கைக்கு வருகிறேன். அந்த வருடம் என் வலது கை விரலிடுக்குகள் வெடித்திருந்தன. நாளெல்லாம் கழுவுவதும் ஸ்பிரிட்டில் துடைப்பதுமாக இருந்ததில் தோல் உரிந்து, கசிந்து, பொருக்குத் தட்டி மறுபடி வெடித்தது. ஜெல் பட்டால் உயிர் போகும். ஜெல் கம்பெனியின் லேப்காரிக்கே ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரிடம் சொல்வது? டாக்டரிடம் போனால் காரணம் கேட்பார், லீவு எழுதுவார் என்று பயம். பாடம் எடுக்கும்போது பம்பை லேசாக அழுத்தி, ஒன்றும் வராமலேயே வந்தது மாதிரி கையைத் தேய்த்துக் காட்டப் பழகிக்கொண்டேன். கையில் மிளகாய்ப் பொடி பட்டால் எரிவதைவிட அது நூறு மடங்கு எரியும், வேறு வழியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்தவர்களை நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பதினேழக்கா கேட்டார். “இன்னா மேடம், ஜெல்லே ஊத்தாம சும்மா தேச்சிகினு கீறீங்க?”

கொல்லென்று சிரிப்பு. அவர் கேலியாகக்கூடக் கேட்கவில்லை. பம்பு அடைத்திருக்கிறது என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார். உடனே தன் பக்கத்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் இரண்டு தடவை அழுத்தினார். எல்லோரும் பார்க்கிறார்கள், தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வாசனை கண்ணுல ஏறிட்டு” என்று சமாளித்தேன். அன்று ரூமுக்குப் போகிற வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். படிக்காத பொம்பளைக்கு என்ன வாய் என்று நினைத்தேன். அதே வார்த்தையில்தான் நினைத்தேன், மாற்றிச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே பெயர் ஒட்டுகிற கம்பெனியிலிருந்து ஆடிட் என்று தகவல் வந்தது. எங்கள் பிளான்ட் மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் ஆடிட் என்றால் பயந்துவிடுவார். என்னைக் கூப்பிட்டு, “எல்லார் தட்டும் இருக்கணும்மா. உன்னுதும் சேர்த்து. லேப் ஆளு விட்டுப்போச்சின்னு ஒரு பாயிண்ட் எழுதிடுவாங்க” என்றார். கிளம்பும்போது, “ஆடிட் நல்லா முடியட்டும், உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன்” என்றும் சொன்னார். அந்த வார்த்தைக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். அது கிடைக்காவிட்டால் கோவில்பட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள்.

ஜெல் தேய்க்காமலேயே விரலைப் பதித்தேன். இடது கையைப் பதித்திருக்கலாம். வலது கை என்று விதி, விதியை எழுதியதும் நான். ஒன்றும் வராது என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

மூன்றாம் நாள் காலையில் சூட்டுப்பெட்டியைத் திறந்தேன். என் தட்டில் இடமே இல்லை. ஐந்து விரலும் பதிந்த இடத்தில் பொன் மஞ்சளாக, பளபளவென்று, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு புள்ளிகள். அந்த மஞ்சள் எது என்று எனக்குத் தெரியும். கொப்புளத்திலும் சீழிலும் இருக்கிற கிருமி. வெடித்த தோல் அதற்கு மெத்தை. பக்கத்தில் பதினேழாம் தட்டு, வழக்கம்போல் காலி.

எங்கள் ஜெல்லுக்கு ஒரு குணம் உண்டு. அழியாது என்று எழுதியிருக்கிற மார்க்கர் மையையும் அது அழித்துவிடும். பஞ்சில் கொஞ்சம் ஜெல்லை எடுத்து இரண்டு தட்டின் அடியையும் துடைத்தேன். காலித் தட்டில் ‘லேப்’ என்று எழுதினேன். மஞ்சள் தட்டில் பதினேழு என்று எழுதினேன். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெடிப்பில் ஜெல் பட்டு எரிந்தது, வாயருகே வைத்து ஊதிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த தட்டு என்பதால் எடுத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வரிசையில் இருபதுக்கு மேல் தட்டுகள் இருந்தன. நான் ஜெல் போடுவதில்லை என்று கவனித்த ஒரே ஆள் அவர். அவர் கை அழுக்கு என்று ஆகிவிட்டால் அவர் பேச்சு எடுபடாது. அந்த நேரத்திலும் என் மூளை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

தட்டுகள் மேஜைக்குப் போயின. ஆடிட்டுக்கு வந்தவர் குனிந்து குனிந்து பார்த்து மஞ்சள் தட்டில் பேனாவை வைத்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்து, “டோக்கன் பதினேழு சார்” என்றேன். மதியத்துக்குள் பதினேழக்காவை நிரப்புகிற அறையிலிருந்து எடுத்து, வெளியே அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் போட்டார்கள். ஜெல்லில் அந்தக் கிருமி பிழைக்காது என்று எனக்கும் மேனேஜருக்கும் தெரியும். அப்படியும் எடுத்தார்கள்.

ஊரெல்லாம் காய்ச்சல் பயத்தில் இருந்த நேரம். புள்ளியைப் பார்த்துச் சிரித்த பெண்கள் அந்த மஞ்சளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவிலிருந்து யாரும் குழம்பு எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனி வேனில் அவர் பக்கத்து சீட்டில் பை உட்கார்ந்து வந்தது.

இரண்டு நாள் கழித்து டீ நேரத்தில் லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

“மேடம், ஒன்னு கேக்கணும். அந்த மஞ்சப் புள்ளி இன்னா பண்ணும்?”

“பெருசா ஒண்ணும் பண்ணாதுக்கா. சில பேருக்குக் கொப்புளம் வரும், அவ்ளோதான்.”

சொல்லியிருக்கக் கூடாது.

“கொப்புளமா? மேல்தெருவுல ஒரு புள்ளைக்கு போன மாசம் ஒடம்பெல்லாம் சீ கொப்புளம் மேடம். நான்தான் பத்து நாளு தண்ணி ஊத்தினேன். ஆஸ்பத்திரில ஊசி போட்டு இப்போ பரவால்ல. என் கைலேந்துதான் வந்திருக்குமா?”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்கு வார்த்தை போதும். மேஜைமேல் மார்க்கர் பேனா கிடந்தது. அதை எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டே, “அதெல்லாம் யோசிக்காதீங்கக்கா. எதுக்கும் கொஞ்ச நாள் பிள்ளைகளைத் தொடாம இருந்துக்கிடுங்க” என்றேன். பொறுப்பான டாக்டர் மாதிரி சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கூப்பிட்டவர்களிடம் இடுப்பு வலி என்றாராம். வேனில் வருகிற பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

நான் ஒரு கணக்குப் போட்டேன். அடுத்த தடவை அவரையும் பதிக்கச் சொல்லலாம். எப்போதும் போல காலித் தட்டு வரும். அதைக் காட்டி, சுத்தமாகிவிட்டது என்று சொல்லி, அறைக்குள் அழைத்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. இந்த நிம்மதியில் படப்பையில் ஒரு டாக்டரிடம் போய்க் களிம்பு வாங்கி என் கைக்குப் போட்டேன். மூன்றே வாரத்தில் தோல் மூடிக்கொண்டது.

அடுத்த தடவை பதிக்கிற நாளில் அவர் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தேன். வைக்கும்போதே தெரிந்துவிட்டது. விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது.

“என்னக்கா இது?”

“தரை கழுவற பிளீச்சிங் பவுடரு இருக்குல்ல, அத்த தண்ணில கலக்கி காலைலயும் சாயங்காலமும் கழுவறேன். அப்புறம் நம்ம ஜெல்லு. கிருமி போவட்டும்னுதான். எரிச்சல்தான் தாங்கல.”

இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறக்கப் பயந்து வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பதினேழாம் தட்டு மஞ்சளாக நிறைந்திருந்தது. என்னுடையதில் நடந்த அதே மாதிரி, அதே மஞ்சள். புரட்டி அடியைப் பார்த்தேன். நான் எழுதிய பதினேழு. இந்தத் தடவை யாரும் துடைத்து எழுதவில்லை. என் தட்டு காலியாக இருந்தது.

அவரிடம் காட்டினேன். மறைக்க முடியாது, அவரே கேட்டு வந்தார். “பாத்தீங்களா மேடம், நான்தான் சொன்னேன்ல” என்றார். தன் கை சரிதானா என்று சந்தேகப்பட்டவருக்கு விடை கிடைத்துவிட்டது மாதிரி ஒரு தெளிவு அவர் முகத்தில்.

குற்றவுணர்ச்சியில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் எனக்குப் பாராட்டு கிடைத்தது. கையை வெடிக்க வைக்காத ஜெல் வேண்டுமென்று மேனேஜரிடம் மல்லுக்கு நின்றேன். கிளிசரினைக் கூட்டினால் பிசுபிசுக்கும், குறைத்தால் தோல் காயும். மாதக்கணக்கில் சின்னச் சின்னப் பாட்டிலில் கலக்கி, முதலில் என் கையிலும் பிறகு பதினேழக்கா கையிலும் போட்டுப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடரைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவர் கை ஆறிவிட்டது. பெயர் ஒட்டுகிற கம்பெனிக்கும் அந்த ஜெல் பிடித்துப்போனது. ‘கைகளுக்கு மென்மையானது’ என்று லேபிளில் அச்சடித்தார்கள். நான் பர்மனென்ட் ஆனேன், ஸ்வீட் கொடுத்தேன். பதினேழக்கா கையால் வாங்காமல் பேப்பரில் வைத்துக் கொடுக்கச் சொன்னார்.

கை ஆறியபின் அவர் தட்டு காலியாகத்தான் வந்தது. மறுபடி மறுபடி எடுத்துக் காட்டினேன். “இன்னிக்கு இல்ல மேடம். அது போயி போயி வரும். நம்ம எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்” என்பார். நிரப்புகிற அறைக்கும் திரும்ப வர மாட்டேன் என்றுவிட்டார். அவர் தெருவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேறு ஆள் வந்தாயிற்று.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, சில வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. கோவில்பட்டியிலிருந்து குழந்தையோடு படப்பை வீட்டுக்கு வந்து, கூட வந்த அம்மாவும் ஊருக்குத் திரும்பிய மறுநாள், குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாமல் முழித்தேன். பதினேழக்காவுக்குப் போன் போட்டேன். அவர் கையால் என் பிள்ளை குளித்தால் எல்லாம் நேராகிவிடும் என்று தோன்றியது. அப்போதும் என் சௌகரியம்தான் முதலில்.

வந்தார். குழந்தைக்குக் கொலுசு வாங்கி வந்திருந்தார். அதையும் கட்டில்மேல் வைத்துவிட்டு வாசல் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். குழந்தையை நீட்டினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம் மேடம். தெரிஞ்சே தொடக் கூடாது.”

அப்போதுதான் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். “அக்கா, அந்த மொதத் தட்டு உங்களுது இல்ல. என்னோடது. நான்தான் நம்பரை அழிச்சு மாத்தி எழுதுனேன். உங்க கையில ஒண்ணுமே இல்ல. எப்பவும் இருந்ததில்ல.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் சிரித்தார்.

“எம் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. நல்ல மனசு மேடம் உங்களுக்கு. சரி, ரெண்டாவது தட்டு? அதுவும் உங்களுதா?”

பிளீச்சிங் பவுடர், வெடிப்பு, ஜெல் எட்டாமல் அதற்குள் வளர்கிற கிருமி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பாடம் எடுத்து எடுத்துப் பழகிய என் வாயில் அதுவும் ஒரு பாடம் மாதிரியே வந்தது. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “வுடுங்க மேடம். நீங்க கண்டுபுடிச்சி சொன்னதாலதான் அதுக்கப்பறம் எந்தப் புள்ளைக்கும் ஒன்னும் ஆவல. அதுக்கே நான் உங்களுக்கு கும்புடு போடணும்” என்றார். நான் அழுதேன். பிள்ளை பெற்ற உடம்பு, அழக் கூடாது என்று அதற்கும் ஆறுதல் சொன்னார்.

குழந்தை வீறிட ஆரம்பித்தது. “நான் சொல்றேன், நீங்க செய்ங்க” என்றார். வெந்நீர் விளாவிக்கொண்டு பாத்ரூமில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அவர் கதவருகே உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்லச் செய்தேன். இடது கையால் தலையைத் தாங்கு, முதலில் மார்பில் தண்ணீர் படட்டும், கழுத்து மடிப்பில் விரலை விட்டுத் தேய், குப்புறத் திருப்பு. நடுவில் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கைகள் வெறும் மடியின்மேல் என் கைகளோடு கூடவே அசைந்துகொண்டிருந்தன. கழுத்தைத் தாங்கின, முதுகை நீவின, திருப்பிப் போட்டன.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

“பாத்தீங்களா, எப்டி அடங்கிடுச்சி” என்றார் பதினேழக்கா. “உங்க கைக்கு ராசி கீது மேடம்.”

நான் நிமிராமல் அடுத்த சொம்புத் தண்ணீரை மொண்டேன்.